அப்பா புத்தகமெல்லாம் உப்புக்காத்துல போகுது, கிண்டில் வாங்கவா பீரோ வாங்கவா?

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் மொத தடவ எழுதுறேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

வீடு தங்கச்சிமடம். கடலுக்கும் எங்க வாசலுக்கும் நடுவுல நாலு தென்னையும் ஒரு ஐஸ் கம்பெனியும்தான். அப்பா ரயில்வேல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, போன வருசம் தவறிட்டாரு. சம்பளம் வந்தா மொத புத்தகம் அப்புறம்தான் அரிசின்னு அம்மா இன்னிக்கும் சொல்லிச் சொல்லித் திட்டும். எண்ணிப் பாத்தேன், நானூத்திச் சொச்சம் இருக்கு, ரெண்டு மரப்பெட்டி, ஒரு இரும்பு பீரோ. பீரோவோட கீழ் ஓரம் துருப்புடிச்சு தொட்டா அப்பளம் மாதிரி உதிருது.

போன வாரம் ஒரு புத்தகத்த எடுத்து விரிச்சேன், நடுப்பக்கத்துல இருந்து வெள்ளியா மின்னிக்கிட்டு ஒரு பூச்சி ஓடுச்சு, தட்டி விடுறேன்னு லேசா ஒதறுனா அட்டை தனி பக்கம் தனின்னு கைல வந்துருச்சு. அப்பாக்கு ஓரத்துல பென்சில்ல எழுதுற பழக்கம். அந்தப் பக்கத்துல எழுதுனதுல பாதிய பூச்சி தின்னுருச்சு, "இத திருப்பி" ன்னு மட்டும் இருக்கு, மிச்சத்த காணோம். திருப்பிப் படிக்கணும்னு எழுதுனாரா, என்ன எழுதுனாருன்னு ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

வீட்டுக்காரம்மா சொல்லுது எல்லாத்தையும் போன்ல போட்டோ புடிச்சு வச்சிக்கிட்டு, ஒரு கிண்டில், அதான் புத்தகம் படிக்கிறதுக்குன்னே உள்ள மிஷின், வாங்கி அதுல ஏத்திப் படிங்க, பெட்டிய காலி பண்ணுங்கன்னு. சென்னைல இருக்குற தங்கச்சிக்கிட்ட சொன்னேன், ஒரு புத்தகம் பழைய பேப்பர்காரன் கைக்குப் போச்சு உன்கூட பேச மாட்டேன்ணேன்னு ஒரே அழுகை. சரி அவ வீட்டுக்கு அனுப்புறேன்னா, இடமில்லையாம்!

நான் போன்ல படிக்க முடியாத ஜென்மம். மூணு பக்கம் தள்ளுறதுக்குள்ள வாட்சப் வந்துரும், அப்புறம் எங்க படிக்க. ஆனா எம் பொண்ணு குரூப் 4க்கு போன்லயேதான் படிக்கிறா, ராத்திரி ஒரு மணி வரைக்கும், காலைல பாத்தா கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. அது மண்டைல நிக்குதா நிக்கலையான்னு வேற கவலையா இருக்கு.

கிண்டில் மாதிரி மிஷின்ல தமிழ் நல்லா தெரியுமா, நம்ம கடக்கரை காத்துக்கு அது தாங்குமா? இல்ல அந்தக் காசுக்கு வேற பீரோ வாங்கி புத்தகத்த காப்பாத்துறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கச்சான்காத்து:

அண்ணே நான் பாம்பன், விசைப்படகுல டிரைவர். நாலு வருசமா கிண்டில் வச்சிருக்கேன், அதனால நான் சொல்லலாம்னு நினைக்கிறேன்.

மொதல்ல போனையும் அதையும் ஒண்ணா நினைக்காதீங்க. போன் நம்ம கண்ணுக்குள்ள லைட் அடிக்குது. இது வேற, ஸ்கிரீனுக்குள்ள பொடிப்பொடியா குப்பி குப்பியா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும், கரண்டு குடுத்தா கறுப்பு மேல வரும் இல்லாட்டி வெள்ளை மேல வரும், அவ்வளவுதான் எழுத்து. பக்கம் மாத்தும்போது மட்டும்தான் கரண்டு இழுக்கும், அப்புறம் சும்மா நிக்கும், அதான் ஒரு தடவ சார்ஜ் போட்டா வாரக்கணக்குல வருது. பட்டப்பகல்ல அரிச்சல்முனை மணல்ல உக்காந்து படிங்க, வெயில் ஏற ஏற எழுத்து பளிச்சுன்னுதான் ஆகும், போன அங்க வச்சு பாத்தா நம்ம மூஞ்சிதான் தெரியும்.

வலைய எறக்கிட்டு இழுத்துக்கிட்டு போற நேரம் இருக்கு பாருங்க, தூங்கவும் முடியாது செய்யவும் வேலை இருக்காது, அந்த நேரத்துல நான் படிச்சுத் தள்ளுனது கொஞ்சநஞ்சம் இல்ல. புத்தகம் கொண்டு போயும் பாத்திருக்கேன், மொத நாளே தண்ணி தெறிச்சு பக்கமெல்லாம் ஒட்டி, காஞ்சதும் உப்பு பூத்துருச்சு, பிரிச்சா அட்டை முறுக்கு மாதிரி.

ஆனா ஒரு தடவ நல்லா மாட்டுனேன். புதுசா ஒரு நாவல் காசு குடுத்து வாங்கி, அட்டைப்படம் தெரியுது, சரி புத்தகம் வந்துருச்சுன்னு நினைச்சுக் கெளம்பிட்டேன். கடலுக்குள்ள போயி தொறந்தா டவுன்லோட் ஆகலையாம். நம்ம சிக்னல் போயி அந்தப் பக்கத்து டவர் வந்து போன்ல ஸ்ரீலங்காவுக்கு நல்வரவுன்னு மெசேஜ்தான் வருது. விடிய விடிய அட்டைய பாத்துக்கிட்டு கெடந்தேன்.

தமிழ்ப் புத்தகம் அதுல 2016 கடைசில இருந்து விக்கிறாங்க, எழுத்து நல்லாவே இருக்கும், அப்பா வயசு ஆளுங்களுக்கு பெருசாக்கிக்கலாம். ஆனா மதினி சொல்ற மாதிரி போட்டோ புடிச்சு ஏத்துறது நடக்காது. போட்டோ பிடிஎஃப் அந்த ஆறு இஞ்சு ஸ்கிரீன்ல எறும்பு ஊர்ற மாதிரி தெரியும், பெருசாக்குனா பாதி வரி வெளில போயிரும், இழுத்து இழுத்துப் படிக்கணும். இபப்னு மின்புத்தகத்துக்குன்னே உள்ள ஃபைலா இருந்தாதான் எழுத்தப் பெருசாக்கும்போது வரி அதுவா மடங்கும். போட்டோவ எழுத்தா மாத்த கூகுள்ல வசதி இருக்கு, புது அச்சுன்னா தமிழ நல்லாவே புடிக்குது. ஆனா அப்பா வச்சிருக்கறது பழசா இருக்கும், 1978க்கு முன்னாடி அடிச்சதுல ணை, லை எல்லாம் தும்பிக்கை போட்டு வேற மாதிரி இருக்கும்ல, அதுல தடுமாறும். நானூறு புத்தகம், ஒவ்வொண்ணுலயும் எரநூறு பக்கம், 80,000 பக்கம் நீங்க போட்டோ புடிச்சு திருத்தி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு தாசில்தார் ஆயிரும்.

அதுக்கு முன்னாடி என்னென்ன இருக்குன்னு ஒரு நோட்ல பேரு எழுதுங்க. அதுல பாதிய ஏற்கனவே யாராவது ஏத்தி வச்சிருப்பாங்க. மதுரைத் திட்டம்னு 1998ல இருந்து சம்பளம் கிம்பளம் இல்லாம ஆளுங்க ஒக்காந்து டைப் அடிச்சு இலவசமா போட்டிருக்காங்க, தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகத்துல பழைய புத்தகமெல்லாம் ஸ்கேனா கெடக்கு. அங்க கெடைக்கிறத நீங்க ஏன் போட்டோ புடிக்கணும்.

நம்ம காத்துக்கு மிஷின் தாங்குமான்னு கேட்டீங்க. சார்ஜ் குத்துற ஓட்டைதான் வீக்கு. எனக்கு ரெண்டு வருசத்துல பச்சையா களிம்பு புடிச்சு வேலை செய்யல, ராமநாதபுரத்துல குடுத்து மாத்துனேன். இப்ப ஜிப் கவர்ல போட்டுத்தான் வச்சிருக்கேன், கவருக்கு மேலயே தொட்டு பக்கம் தள்ளலாம்.

இன்னொண்ணு, சொல்லலேன்னா தப்பாயிரும். காசு குடுத்து வாங்குனாலும் அந்தப் புத்தகம் நம்மளுது இல்ல, படிக்கிற உரிமைதான் நம்மளுது. 2009ல அமெரிக்கால ஒரு நாவல வித்தவனுக்கு உரிமை இல்லேன்னு தெரிஞ்சதும் வாங்குனவங்க கிண்டில்ல இருந்தே கம்பெனி அழிச்சிட்டு காச திருப்பிக் குடுத்துச்சு. 2025 பிப்ரவரி 26ல இருந்து, வாங்குன புத்தகத்த கம்ப்யூட்டர்ல எறக்கி கேபிள் போட்டு ஏத்துற வழியையும் எடுத்துட்டாங்க. அப்பா பெட்டிய யாரும் அமெரிக்கால இருந்து தொறக்க முடியாதுல்ல.

பனங்காட்டுநரி:

ராமேஸ்வரம் தீவுல இருந்துக்கிட்டு ராமபாணத்துக்கு பயந்தா எப்புடிண்ணே. அந்த வெள்ளிப் பூச்சி பேரே ராமபாணம்தான்.

கீழக்கரை லாத்தா:

பனங்காட்டு தம்பிக்கு எல்லாம் வேடிக்கை. வெள்ளியா ஓடுறது ராமபாணம், சரி. ஆனா புத்தகத்துல ஊசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா போடுறது வேற, ஒரு வண்டோட புழு. ரெண்டையும் ராமபாணம்னுதான் நம்ம ஊர்ல சொல்றாங்க, வைத்தியம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

தங்கச்சிமடத்து தம்பி, ஒங்க எழுத்த பாத்ததும் எனக்கு எங்க வீட்டு ஞாபகம் வந்துருச்சு. எங்க உம்மாவோட உம்மா ஓதுன கிதாபு ஒண்ணு வீட்ல இருக்கு. அரபு எழுத்து, ஆனா வாசிச்சா தமிழ். அரபுத்தமிழ்னு சொல்லுவோம், எங்க ஊர்ல மாப்பிள்ளை ஆலிம்னு ஒரு மார்க்க அறிஞர் காலத்துல அதுல எவ்வளவோ எழுதியிருக்காங்க, அவங்க 1898ல மவுத்தானவங்க. இன்னிக்கு எங்க வீட்டுப் புள்ளைகள்ல அத வாசிக்க ஒண்ணு கூட இல்ல. எங்க மருமகன் பெரிய இன்ஜினியர், போன்ல காட்டி எழுத்தா மாத்துறேன் மாமின்னு ஒக்காந்தாரு, போன் அத அரபின்னு நினைச்சு என்னத்தையோ கொட்டுச்சு, ஒரு வார்த்த சேரல. தமிழுக்குன்னு அதுல புள்ளி கூட்டி வச்சிருப்பாங்க, அரபில இல்லாத எழுத்து, அது போனுக்கு எப்படித் தெரியும். கடைசில நான் வாசிக்க வாசிக்க அவரு ரெக்கார்டு பண்ணாரு. அதான் இப்ப எங்க குடும்ப குரூப்ல ஓடுது, துபாய்ல இருக்குற புள்ளைகளும் கேக்குதுக. காகிதம், போன் ரெண்டுல எது ஒசத்தின்னு நான் சண்டைக்கு வரல, வாசிக்கத் தெரிஞ்ச ஆளு இருக்கும்போதே வாசிச்சு வச்சுக்கணும்.

இனி பூச்சிக்கு வருவோம். நான் செஞ்ச தப்ப மொதல்ல சொல்லிர்றேன், நீங்க செஞ்சிராதீங்க. ஓலைச்சுவடிக்கு புல்தைலம் தடவுவாங்கன்னு யாரோ சொன்னத கேட்டு நான் காகிதப் புத்தகத்துக்கு தடவிட்டேன். பஜ்ஜி கட்டுன பேப்பர் மாதிரி இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் தெரிய ஆரம்பிச்சுருச்சு. ஓலைக்கு எண்ணெய் குடுக்கலாம், காகிதத்துக்கு கூடவே கூடாது.

ராமபாணத்துக்கு வேண்டியது ரெண்டு, ஈரமும் பசையும். பைண்டிங்குல மைதாப் பசை, நம்ம காத்துல ஈரம், அதுக்கு வேற என்ன வேணும். பீரோவ செவுத்தோட ஒட்டிப் போடாதீங்க, ஒரு சாணு தள்ளிப் போடுங்க, அடில செங்கல் வைங்க. இரும்பே வேணாம், துருக்கறை பக்கத்துல எறங்கும். புத்தகத்த இறுக்கி அடுக்காதீங்க, விரல் நுழையணும். வசம்பு நாட்டுமருந்துக் கடையில கெடைக்கும், துணில முடிஞ்சு ஒரு தட்டுக்கு ரெண்டு, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். வேப்பிலைன்னா நிழல்ல நல்லா காஞ்சதுதான் போடணும், பச்சையா போட்டா அதுவே ஈரம். பாச்சா உருண்டை போட்டா புத்தகத்துல நேரா படாம பொட்டலமா. வெயில்ல காயப் போடாதீங்க, மஞ்சளடிச்சு நொறுங்கும், நிழல்ல ஃபேன் காத்துல விரிச்சு வைங்க. மழைக்கால வாடைல பெட்டிய தொறக்கவே தொறக்காதீங்க, கச்சான்னு சொல்ற தென்மேக்குக் காத்து காலத்துல வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் வெளில எடுத்து தட்டணும்.

இப்ப உள்ள பூச்சி, முட்டை எல்லாம் சாகணும்னா ஒண்ணு இருக்கு, சிரிக்காதீங்க. பாலித்தீன் பையில போட்டு காத்த வெளியேத்தி வாய நல்லா ஒட்டி, வீட்டு ஃபிரிட்ஜ் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். எடுத்த ஒடனே பைய பிரிக்கக் கூடாது, ஒரு நாள் வெளில கெடந்து குளிர் போனப்புறம் பிரிக்கணும், இல்லேன்னா காகிதத்து மேல தண்ணி வேர்த்துரும். பெரிய லைப்ரரிகள்லயே குளிர வச்சுத்தான் பூச்சி சாகடிக்கிறாங்க.

உச்சிப்புளி வாத்தியார்:

பொண்ணப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன், பிளஸ் டூ புள்ளைங்களோட இருபது வருசமா மாரடிக்கிறவன்.

ஸ்கிரீன்ல படிச்சா மண்டைல நிக்குமான்னு ஒலகம் பூரா சண்டை போட்டிருக்காங்க. 2018ல ஸ்பெயின், இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் சேந்து 2000ல இருந்து 2017 வரைக்கும் வந்த 54 ஆய்வுகள ஒண்ணாப் போட்டுப் பாத்தாங்க, எல்லாத்துலயும் சேத்து 1,71,055 பேரு. காகிதத்துல படிச்சவங்களுக்குத்தான் கொஞ்சம் கூடப் புரிஞ்சிருக்கு. வித்தியாசம் பெருசு இல்ல, ஆனா இருக்கு. கதை மட்டும் படிச்சா வித்தியாசமே இல்ல, பாடம், தகவல் மாதிரி விஷயத்துலதான் காகிதம் முந்துது, அதுலயும் நேரம் குறிச்சுப் படிக்கச் சொன்னா இன்னும் கூட. இப்ப உள்ள புள்ளைங்க போன்லயே பொறந்ததுங்க, வருசம் போகப் போக ஸ்கிரீன் பழகிரும்னு நாம நினைப்போம்ல, அந்த 17 வருசத்துல காகிதத்தோட முந்தல் கூடித்தான் இருக்கு.

குரூப் 4 என்ன, நேரம் குறிச்சு, தகவல கேட்டு, பேப்பர்லயே வட்டம் ஷேடு பண்ற பரீட்சை. அப்ப எதுல படிச்சுப் பழகணும்னு நீங்களே சொல்லுங்க.

அதுக்காக போன புடுங்கி வச்சுராதீங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் சமச்சீர் புத்தகம் பூராவும் பிடிஎஃப்பா இலவசமா கெடைக்குதுன்னா அது இந்தக் கடக்கரை புள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வசதி, நாங்க படிக்கிற காலத்துல சீனியர் அக்காகிட்ட பாதி வெலைக்குக் கெஞ்சி வாங்குவோம். தேடுறதுக்கு போன், படிக்கிறதுக்கு காகிதம். முக்கியமான பாடத்த மட்டும் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா ஒவ்வொரு பாடத்துக்கும் கையால ஒரு பக்கம் நோட்ஸ் எழுதச் சொல்லுங்க. போன்ல விரலால தள்ளிக்கிட்டே போனா எல்லாம் படிச்ச மாதிரி ஒரு நெனப்பு வரும் பாருங்க, அதான் ஆபத்து. எங்கிட்ட வர்ற புள்ளைங்க நூறு பக்கம் படிச்சேன் சார்னு சொல்லும், ரெண்டு கேள்வி கேட்டா வானத்த பாக்கும்.

கண்ணு செவக்குறது தூக்கமில்லாமயும் இமை கொட்டாம வெறிச்சுப் பாக்குறதாலயும்தான் இருக்கும், ஆனாலும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருங்க. ராத்திரி போன் வெளிச்சம் தூக்கத்த தள்ளுது. அமெரிக்கால 12 பேர வச்சுப் பாத்தாங்க, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஐபேடுல படிச்சவங்களுக்கு புத்தகம் படிச்சவங்கள விட பத்து நிமிசம் பிந்தித்தான் தூக்கம் வந்துச்சு, காலைலயும் மந்தமா இருந்துச்சு. 12 பேருன்றது சின்னக் கணக்குதான், ஆனா ஒங்க வீட்லயே ஒண்ணு இருக்கே.

லைப்ரரிக்கு அனுப்புங்க சார். சுதந்திர இந்தியாவுலயே நம்ம மாநிலத்துலதான் 1948ல மொத நூலகச் சட்டம் வந்துச்சு, நீங்க கட்டுற வீட்டு வரியோட ரூபாய்க்கு 10 பைசா நூலக வரின்னு சேந்துதான் போகுது. கட்டுன காசுக்கு ஃபேன் காத்துலயாவது உக்காந்து படிக்கட்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். அந்தப் பென்சில் எழுத்து உள்ள புத்தகத்தோட பின் அட்டைக்கு உள்பக்கம் தேதி சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க.

அக்கரை:

நான் மண்டபம் அகதி கேம்ப்ல வளந்தவன். பெருசா எழுத வராது.

அம்மா 1990ல தலைமன்னார்ல இருந்து போட்ல வந்தவ. ஒரு பை, அதுல என்னோட அக்கா உடுப்பு, பத்திரம், வேற ஒண்ணும் இல்ல. புத்தகத்த யாரு போட்ல ஏத்துவா. அம்மா படிச்ச பள்ளிக்கூடத்து விழா மலர்ல அம்மா எழுதின கவிதை வந்துச்சாம், ஒரு பக்கம். அத சொல்லிக்கிட்டே இருக்கும். எங்களுக்கு அது கதை மாதிரி.

1981ல யாழ்ப்பாணம் நூலகத்த எரிச்சப்ப 97,000 புத்தகம் போச்சு. சிலதுக்கு வேற பிரதியே கெடையாது. 2005ல இருந்து நூலகம்னு ஒரு திட்டம், ஈழத்துப் புத்தகம், பேப்பர், பள்ளிக்கூட மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா போடுறாங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி சும்மா தேடிக்கிட்டு இருக்கும்போது அந்த மலர் வந்துச்சு. அம்மா பேரோட. பக்கம் ஓரம் பூச்சி அரிச்சிருக்கு, அதோடயே ஸ்கேன் பண்ணியிருக்காங்க.

போன அம்மா கைல குடுத்தேன். பெருசாக்கத் தெரியாம தள்ளி வச்சு, கிட்ட வச்சு வாசிச்சுது. பிறகு இந்த இடத்துல பிழை விட்டிருக்காங்கள் எண்டு சொல்லிச்சு, ஒரு எழுத்து அச்சுல மாறிப் போச்சாம். அதுதான் சொன்னது.

அண்ணே ஒங்க அப்பா புத்தகத்துல ஊர்ல அச்சடிச்சது, சின்னப் பதிப்பகம், சங்க மலர், கோயில் கும்பாபிஷேக மலர் மாதிரி ஏதாவது இருந்தா அத மட்டும் மொதல்ல ஸ்கேன் பண்ணுங்க. பெரிய ஆளுங்க நாவல் எங்கயாவது கெடைக்கும். இது கெடைக்காது. அப்பா பென்சில்ல எழுதுன பக்கத்தையும் எடுத்துருங்க.

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கரை தம்பி, உங்க பதிவ அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், அது ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போயி அப்பா பெட்டில இருந்து 1970கள்ல வந்த ரயில்வே தொழிற்சங்க மலர் மூணு எடுத்துட்டு வந்து குடுத்துச்சு. இத்தன நாளா அந்தப் பெட்டிய காலி பண்ணு காலி பண்ணுன்னு சொன்னது அம்மாவும்தான்.

முடிவு பண்ணது இதான். இரும்பு பீரோ வெளில போகுது, பழைய மரக்கதவு பலகைய வச்சு ஆசாரிகிட்ட அலமாரி சொல்லியிருக்கேன். வசம்பு வாங்கியாச்சு லாத்தா, வீடே நாட்டுமருந்துக் கடை மாதிரி மணக்குது. அப்பா எழுதுன பக்கம், சங்க மலர் மட்டும் பொண்ணு போன்ல எடுக்குறா, அதுக்கு பதிலா அவ கேட்ட ஜெராக்ஸ் செலவு என்னோடது. கிண்டில் இப்ப இல்ல, விலை பத்தாயிரத்துக்கு மேல போகுது. பாம்பன் தம்பி, மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 வந்தா 61 நாள் கரைலதான இருப்பீங்க, அப்ப ஒங்களுத ஒரு வாரம் குடுங்க, படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்.

வாத்தியார் சார், நீங்க எப்படி கண்டுபுடிச்சீங்கன்னு தெரியல. பின் அட்டைய திருப்புனேன், உள்பக்கத்துல தேதி சீட்டு. கிளை நூலக முத்திரை, கடைசித் தேதி 1987. "இத திருப்பி" க்கு அப்புறம் பூச்சி தின்னது என்னன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. தங்கச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன், போன தடவ அழுத புள்ள இந்தத் தடவ சிரிச்சு சிரிச்சு போன கீழ போட்டுருச்சு.

புத்தகம் இப்ப ஃப்ரீசர்ல சீலா மீனுக்குப் பக்கத்துல இருக்கு. வீட்டுக்காரம்மா மீன்னு நினைச்சு எடுத்து தண்ணில போடப் போனத நல்லவேளை பொண்ணு பாத்துருச்சு. இன்னும் ஒன்பது நாள் இருக்கு, அப்புறம் கொண்டு போயி குடுக்கணும்.

கச்சான்காத்து:

தாராளமா வாங்கிக்கங்கண்ணே, ஜிப் கவரோட தர்றேன். ஆனா லைப்ரரில ஒரு நாளைக்கு இவ்வளவு ஃபைன்னு 1987ல இருந்து கணக்கு போட்டா சொல்லி அனுப்புங்க, படகுக்காரங்ககிட்ட அட்வான்ஸ் கேட்டுத்தான் கட்டணும்.